கொழுந்திடம் கேட்பதா, சந்தையிடம் கேட்பதா?

பேராதனையிலோ மொறட்டுவையிலோ பதுளையின் ஊவா வெல்லசவிலோ இளமாணிப் பட்டம் முடித்து, அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் திரும்பும் இளைஞரிடையே, தாமே ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்க வேண்டும் என்னும் விழைவு உடையோர் உண்டு. அவர்கள் முன் எழும் முதல் வினா மேற்படிப்பைப் பற்றியது. ஓராண்டிலோ ஈராண்டிலோ முடியும் முதுமாணிப் பட்டம் போதுமா? மூன்றாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பை வேண்டும் கலாநிதிப் பட்டத்துக்குத் துணிவதா? வீட்டார் ஆண்டுகளை எண்ணுகிறார்கள். நண்பர்கள் சம்பளத்தை எண்ணுகிறார்கள். இரண்டும் எண்ணத்தக்கவையே. ஆயினும் அவற்றுக்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தொடங்கக் கருதும் தொழிலில் இன்னும் அறியப்படாதது எது? அது எங்கே கிடக்கிறது? இயற்கைக்குள் கிடந்தால் அதற்குரிய வழி ஒன்று. வாங்குவோர், விற்போர், வேலை செய்வோர் ஆகிய மாந்தரிடையே கிடந்தால் அதற்குரிய வழி வேறு. மலைநாட்டின் தோட்ட வரலாற்றைப் புரட்டினால் இவ்விரு வழிகளும் தனித்தனியே துலங்குகின்றன.

1869ஆம் ஆண்டு இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடியாகப் படிந்த அந்தப் பங்கசு, சில ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1880இல் இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர் அதனை ஆராய அனுப்பப்பட்டார். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. ஈராண்டுகள் இங்கே தங்கி, அந்த நோயின் வாழ்க்கையை அடிமுதல் நுனிவரை தொடர்ந்து பார்த்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் வித்திகளைப் பிடித்தார். ஈரமான இலையின்மேல் விழுந்த வித்தி முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே நுழைவதை நுணுக்குக்காட்டியில் கண்டார். ஒரே பயிரை மலை மலையாக இடைவெளியின்றி நட்டதுதான் நோய்க்குத் தடையற்ற வழியமைத்தது என்பதையும் எடுத்துரைத்தார். அவர் கண்டவை அனைத்தும் உண்மை. கோப்பியை அவை காப்பாற்றவில்லை. அதற்குள் காலம் கடந்திருந்தது. தாவர நோயியல் என்னும் துறைக்கோ அந்த ஈராண்டு உழைப்பு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

அதே காலத்தில் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வேறொரு வேலையில் இருந்தார். ஸ்கொட்லாந்திலிருந்து பதின்ம வயதில் வந்தவர், பல்கலைக்கழகம் காணாதவர். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தம் வீட்டு விறாந்தையில் மேசைகளின்மேல் கொழுந்தைக் கையால் உருட்டச் செய்து, களிமண் அடுப்பில் உலர்த்தினார். பின்னர் உருட்டுவதற்கு ஒரு பொறியும் அமைத்துக்கொண்டார். 1873இல் அவருடைய தேயிலையில் 23 இறாத்தல் இலண்டனுக்குச் சென்றது. தேயிலை வளருமா, உருட்டினால் மணக்குமா என்ற ஐயங்களுக்கு அசாமும் சீனமும் முன்பே விடை கூறியிருந்தன. இந்த மலையில், இந்தத் தொழிலாளரைக் கொண்டு, விற்கத்தக்க தரத்தில், கட்டுப்படியாகும் செலவில் செய்ய முடியுமா என்பதே அவர் விடை காண வேண்டியிருந்த வினா. அதனைச் செய்து பார்த்தன்றி எந்த ஆய்வுக்கூடத்திலும் அறிய இயலாது.

வார்ட் விடுத்த வினா இயற்கையிடம். டெய்லர் விடுத்த வினா தொழிலிடமும் சந்தையிடமும். ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் கொள்வதற்கில்லை. ஆனால் ஒன்றுக்குரிய பயிற்சியைப் பெற்றுக்கொண்டு மற்றதில் இறங்குவோர் ஆண்டுகளை இழக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இயற்கையிடம் கேட்டுப் பெற்ற விடை எப்போதும் வணிகமாகிவிடுவதும் இல்லை. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டிருக்கிறது. இலைகளைச் சுருட்டித் தின்னும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள் தோட்டங்களைப் பாழாக்கிய நாளில், அந்நிலையத்தின் பூச்சியியலாளர் 1935–36இல் யாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரசு என்னும் சிறு குளவியைக் கொணர்ந்து விடுவித்தனர். அக்குளவி புழுவின் உடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே உண்டு முடிக்கும். அந்தப் பூச்சியின் கொட்டம் அடங்கிற்று. உலகின் உயிரியற் கட்டுப்பாட்டு வரலாற்றில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வெற்றி அது. எந்த நிறுவனமும் அதனை விற்றுப் பொருள் ஈட்டியிருக்க முடியாது. பறக்கவிட்ட குளவி எல்லாத் தோட்டத்துக்கும் பொது. கலாநிதிப் பட்ட ஆய்வின் விளைவு பொதுநலமாகலாம், பொருளாகலாம், இரண்டும் ஆகாமல் அறிவாக மட்டும் நிற்கலாம். தொழில் முயற்சியாளராக விரும்புபவர் தம் ஆய்வுத் தலைப்பைத் தேரும்போதே இந்த மூன்றில் எது வாய்க்கும் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

பொறிகளின் கதை வேறு. தேயிலையை உலர்த்தும் சிரொக்கோ உலர்த்திக்குப் பெயர்பெற்ற சாமுவேல் டேவிட்சன், 1864இல் இந்தியாவின் கச்சார்ப் பகுதித் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். உலர்த்தும் முறையின் குறைகளை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து கண்டு, 1881இல் பெல்பாஸ்ட்டில் பொறித் தொழிற்சாலை தொடங்கினார். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.ரி.சி. பொறியை 1930களின் தொடக்கத்தில் அமைத்த வில்லியம் மக்கேர்ச்சர் அசாமில் ஒரு தோட்ட அதிகாரி. வெப்பமும் காற்றோட்டமும் உருளையும் பல்லும் பற்றிய அறிவியல் அவர்கள் காலத்தில் முன்பே இருந்தது. தோட்டத்துக்குள் நின்று குறையைக் கண்டவர் கையில் அது பொறியாயிற்று.

ஆதலால் தொழிற்சாலைக்குள்ளே சென்று பார்ப்போம். அறியப்பட்டதும் அறியப்படாததும் அங்கே அடுத்தடுத்த அறைகளில் இருக்கின்றன.

கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வரும் பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். மேல்மாடியின் வாட்டும் தொட்டிகளில் அதனைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதுகிறார்கள். இரவெல்லாம் வாடிய கொழுந்து காலையில் உருட்டுப் பொறிக்கு இறங்குகிறது. அங்கேதான் இலையின் உள்ளமைப்பு உடைகிறது. உயிருள்ள இலையில், கட்டெச்சின்கள் எனப்படும் சேர்வைகள் கலத்தின் புன்வெற்றிடத்தில் அடைபட்டிருக்கும். பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம் பச்சையவுருமணியில் இருக்கும். இரண்டும் சந்திப்பதில்லை. உருட்டும்போது கலங்கள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. காற்றின் ஒட்சிசன் துணைசேர்கிறது. பச்சை மங்கிச் செம்பு நிறம் ஏறத் தொடங்குகிறது. முதலில் உண்டாகும் தியாபிளேவின்கள் சாயத்துக்கு ஒளியையும் நாவில் சுருக்கென்னும் துவர்ப்பையும் தருகின்றன. நேரம் செல்லச் செல்ல அவை மாறி, செங்கபில நிறமுடைய தியாருபிகின்கள் பெருகுகின்றன. சாயம் கனத்து ஒளி குன்றுகிறது. 1950களில் ரொபர்ட்ஸ் என்னும் வேதியியலறிஞர் இவற்றைப் பிரித்தறிந்து பெயரிட்டார். தியாபிளேவின் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் அந்த இடைவேளைக்குள் தூளை உலர்த்தியில் இட்டு நொதியத்தைக் கொன்றுவிட வேண்டும். முந்தினால் பச்சைக் கசப்பு. பிந்தினால் உயிரற்ற சாயம்.

அந்தக் கணத்தை யார் அறிவிக்கிறார்? டீமேக்கர். பரப்பிய தூளில் ஒரு பிடியை அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். பச்சை வாடை நீங்கிக் கனிந்த பழத்தை ஒத்த மணம் எழுந்துவிட்டதா என்று பார்க்கிறார். உள்ளங்கையில் நிறத்தைப் பார்க்கிறார். கடிகாரத்தையும் வெப்பமானியையும் பார்க்கிறார். வெளியே பனி இறங்கியிருந்தால் சற்றுப் பொறுக்கிறார். பல்லாண்டுப் பட்டறிவு அந்த மூக்கில் இருக்கிறது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். அந்த அறிவு அவரோடு ஓய்வுபெற்றுப் போய்விடுகிறது என்பதும் உண்மை.

இங்கே ஓர் இளைஞருக்கு நிறுவனம் தொடங்கும் எண்ணம் பிறக்கும். நிறத்தைக் காணும் ஒளிப்படக் கருவியும் மணத்தை உணரும் வளி உணரிகளும் கொண்டு, ஒட்சியேற்றம் முற்றிய கணத்தை அறிவிக்கும் கருவி ஒன்று செய்தால் என்ன? உணரிகள் கடையில் கிடைக்கின்றன. கணினிக்குக் கற்பிக்கும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கொல்கத்தாவில் சி-டாக் நிறுவனமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் தேயிலைக்கென மின்னணு மூக்கு ஒன்றை முன்பே அமைத்துச் சோதித்துள்ளன. ஆறு மாதத்தில் ஒரு முன்மாதிரி செய்துவிடலாம். செய்த முன்மாதிரி ஒரு தோட்டத்தில், ஒரு பருவத்தில் சரியாகவும் சொல்லும். அடுத்த பள்ளத்தாக்கில் தவறும்.

ஏன் தவறும்? விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையும், வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த, தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 போன்ற வர்க்கங்களும் ஒரே அளவில் கட்டெச்சினும் நொதியமும் கொண்டவை அல்ல. திம்புள்ளைப் பகுதியில் சனவரி முதல் மார்ச்சு வரை வீசும் வறண்ட குளிர்காற்றில் எழும் மணம் வேறு. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து வரும் கொழுந்தின் மணம் வேறு. ஊவாச் சரிவில் சூலை முதல் செப்டெம்பர் வரை காற்று திரும்பும்போது தோன்றும் தனி மணம் இன்னொன்று. நுவரெலியாவின் 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்துக் குளிரில் ஒட்சியேற்றம் நடக்கும் வேகமும் தாழ்நாட்டு வேகமும் ஒன்றல்ல. கொழுந்தின் வர்க்கம், உயரம், கவ்வாத்துக்குப்பின் சென்ற காலம், வாடிய அளவு, அன்றைய வெப்பம் ஆகிய இத்தனையும் சேர்ந்து எந்தச் சேர்வையை எப்போது உச்சத்துக்குக் கொண்டுவருகின்றன என்பதை முழுமையாகச் சொல்லும் கோட்பாடு கைவசம் இல்லாத இடத்தில் கருவி ஊகிக்கத்தான் செய்யும். உணரியை மாற்றுவதாலோ நிரலைத் திருத்துவதாலோ அந்த இடைவெளி அடையாது. நான்கு பருவங்களில், பல தோட்டங்களில், வேதியியற் பகுப்பாய்வோடு மாதிரிகளைச் சேர்த்து, காரணத்தைக் கண்டறிய வேண்டும். இது கலாநிதிப் பட்டத்துக்குரிய வேலை. இதில் முதுமாணியோடு இறங்குபவர் முதலீட்டாளரின் பணத்தில் கலாநிதி ஆய்வைச் செய்ய நேரும். முதலீட்டாளர் நான்கு பருவங்கள் காத்திருக்க மாட்டார்.

மேல்மாடிக்கு ஏறினால் நிலைமை மாறுகிறது. வாட்டுதலின் இயற்பியல் பெரும்பாலும் தெரிந்ததே. உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டின் வேறுபாடு காற்று எவ்வளவு நீரை ஏந்தும் என்பதைக் காட்டுகிறது. மழைக்காலத்தில் வெப்பக் காற்றைக் கலக்க வேண்டும். வறண்ட நாளில் விசிறியைத் தணிக்க வேண்டும். தொட்டிக்குத் தொட்டி சாரீரப்பதனை அளந்து விசிறியின் வேகத்தைத் தானே மாற்றும் கட்டுப்படுத்தி ஒன்று மின்செலவைக் குறைக்கும், வாட்டத்தை ஒருசீராக்கும். அறிவியல் இருக்கிறது, அதனைப் புகையும் ஈரமும் தூசும் நிறைந்த கட்டடத்தில், மின்வெட்டுக்கு நடுவே, பழைய விசிறிகளோடு பொருத்தி, ஒரு பருவம் ஓட்டிக் காட்டுவதே வேலை. ஆய்வுப் பகுதியோடு கூடிய முதுமாணிப் பட்டம் இதற்குப் பொருந்தும். அதன் ஆய்வேடே நிறுவனத்தின் முதற் பொருளாகிவிடலாம்.

மடுவத்துத் தராசுக்கோ எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நிறையைப் பற்றிய மனக்குறை தலைமுறை தலைமுறையாக உண்டு. கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்படும் கிலோக்கள், ஒரு நாள் பேர் எனப்படும் முழுச் சம்பளம் விழுமா அரைப்பேர் ஆகுமா என்பதையே முடிவுசெய்கின்றன. நிறுத்த நிறையை அந்தக் கணமே தொழிலாளியின் கைபேசிக்குத் தமிழில் அனுப்பும் தராசு செய்ய இன்றைய இளமாணிப் பட்டதாரிக்குத் தெரியும். தோட்டக் கம்பனி அதனை வாங்குமா, தொழிற்சங்கம் ஏற்குமா, கணக்கப்பிள்ளை அதனோடு ஒத்துப்போவாரா என்பவையே விடை தெரியாத வினாக்கள். அவற்றுக்கு விடை காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்திலும் மடுவத்திலும் கிடைக்கும்.

பட்டங்களின் அளவையும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள் உள்ளன. சிறப்பு இளமாணி 6ஆம் மட்டம். பாடநெறிகளால் மட்டும் ஆன முதுமாணி 9ஆம் மட்டம். அதற்கு 30 திறமைப்புள்ளிகள். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், அதற்கு 60. ஆய்வால் மட்டும் பெறும் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம். கலாநிதி 12ஆம் மட்டம். குறைந்தது 3 ஆண்டு முழுநேர ஆய்வு. முதுமாணி என்னும் ஒரே பெயருக்குள் இரண்டு வேறுபட்ட பயிற்சிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொழில் முயற்சியாளருக்கு 10ஆம் மட்டத்து முதுமாணியே பெரிதும் உதவும் என்பது என் துணிபு. ஒரு வினாவை எடுத்து, அளந்து, எழுதி, பிறர் முன் நிறுத்திக் காக்கும் பழக்கத்தை அது தருகிறது. வார இறுதி வகுப்புகளில் தேர்வு எழுதி முடிக்கும் 9ஆம் மட்டத்துப் பட்டம் பணியுயர்வுக்கு நல்லது. அதற்காக அட்டனிலிருந்து வாரந்தோறும் கொழும்புக்குப் புகைவண்டி ஏறுபவர், அந்த நேரத்தையும் கட்டணத்தையும் முன்மாதிரிக்கே செலவிட்டிருக்கலாமோ என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் காலத்துச் சான்றுகளுக்கு வருவோம். சஞ்சீவ வீரவரண அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இணையச் சேவைகளுக்கான பொது நியமங்களை வகுத்தோருள் ஒருவர். இலங்கை திரும்பி 2003இல் லங்கா சொவ்ட்வெயார் பவுண்டேசனை அமைத்தார். 2005இல் இருவரோடு சேர்ந்து டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கினார். 2024இல் ஈ.கியூ.டி. என்னும் முதலீட்டு நிறுவனம் அதனை 60 கோடி டொலருக்கு மேற்பட்ட விலையில் வாங்கியது. பட்டத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஆய்வுக்கூடத்தில் கழிந்த ஆண்டுகளைப் பாருங்கள். தாம் வகுக்க உதவிய நியமங்களைக் கொண்டே அவர் நிறுவனம் கட்டினார். அத்துறையின் எல்லைக்கோட்டில் நின்று பார்த்தவருக்கே அடுத்து எது தேவைப்படும் என்பது முன்கூட்டித் தெரிந்தது. கலாநிதிப் பட்டம் தரக்கூடிய முதன்மையான பயன் இதுவே.

தமிழ்நாட்டில் ஒரே நிறுவனத்தின் தாழ்வாரத்தில் இரண்டு வழிகளும் சந்தித்துள்ளன. சிறீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் 1994இல் கலாநிதியானவர். பின்னர் சோகோ எனப் பெயர்மாறிய அட்வென்நெட் நிறுவனத்தை 1996இல் உடன்பிறந்தாரோடும் நண்பரோடும் தொடங்கினார். அங்கே 2001 முதல் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் பொறியியலும் முகாமைத்துவ முதுமாணியும் படித்தவர். வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைக் கையாளும் மென்பொருளில் குறை எங்கே என்பதை நாள்தோறும் கண்டு, 2010இல் வெளியேறி, இன்று பிரெஷ்வேர்க்ஸ் எனப்படும் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. கலாநிதியான வேம்பு தம் நிறுவனத்தில், பள்ளிப்படிப்பு முடித்தவர்களைப் பட்டம் கேளாமல் சேர்த்துப் பயிற்றும் பள்ளியை நடத்துகிறார். வணிக மென்பொருளில் அறியப்படாதது பெரும்பாலும் வாடிக்கையாளரிடம் இருப்பதால், அத்துறை பட்டத்தைக் கேட்பதில்லை.

ஏவுகலத் துறையில் அப்படி முடியாது. சென்னையின் அக்னிகுல் நிறுவனத்தை 2017இல் தொடங்கியோருள் ஒருவரான சிறீநாத் இரவிச்சந்திரன் முதுமாணிப் பட்டங்கள் பெற்றவர். உந்துபொறியின் எரிதலை ஆழ்ந்தறிந்த சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி அவருக்குத் துணைநின்றார். ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த பொறி கொண்ட அவர்களின் கலம் 2024 மே 30இல் சிறீஅரிக்கோட்டையிலிருந்து பறந்தது. முயற்சியை முன்னெடுப்பவர் ஒருவர், இயற்கையின் விடையை அறிந்தவர் இன்னொருவர் என்னும் இக்கூட்டு மலையகத்துக்கு மிகப் பொருந்தும். ஒட்சியேற்றக் கருவி செய்ய விரும்பும் பொறியியல் இளைஞர் தாமே கலாநிதியாக வேண்டும் என்பதில்லை. தேயிலை வேதியியலில் கலாநிதியான ஒருவரைப் பங்காளியாக்கி, பங்கின் அளவை முதல் நாளே எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பணம். இங்கே மலையகத்தின் நிலை பிற ஊர்களினின்று வேறுபட்டது. பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை இங்கே தலைகீழாகிறது. குறுகிய படிப்பு மலிவு, நீண்ட படிப்பு செலவு என்பார்கள். இலங்கையில் பாடநெறி முதுமாணிக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்ட வேண்டும். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதுமாணிக் கட்டணம் இன்னும் பெரிது. வெளிநாட்டுக் கல்விக் கடன் கேட்டால் வங்கி ஈடு கேட்கும். லயத்து அறைக்குக் காணி உறுதி ஏது? தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டை ஈடுவைக்க இயலாத குடும்பம் அந்தக் கடனை எங்ஙனம் பெறும்? அறிவியல், பொறியியல் துறைகளில் அமெரிக்கக் கலாநிதிப் படிப்போ, பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளி மாதப்படியும் தருகிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கலாநிதி மாணவர் சம்பளம் பெறும் ஊழியராகவே அமர்த்தப்படுகிறார். நல்ல சிறப்பு இளமாணியோடு முதுமாணி இல்லாமலே அமெரிக்கக் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கவும் முடியும். ஆகவே, சொத்தில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நீண்ட வழியே கைக்கெட்டும் வழியாக அமைவது உண்டு.

அவ்வழியில் பாதியில் முதுமாணியோடு வெளியேறவும் பல பல்கலைக்கழகங்கள் இடம்தருகின்றன. கூகிளைத் தொடங்கிய இருவரும் ஸ்டான்போர்டில் கலாநிதி ஆய்வை முடிக்காமல் 1998இல் அப்படியே சென்றவர்கள். அவர்கள் ஆய்வே பொருளாக முற்றியதால் வெளியேறினார்கள். முதல் நாளிலேயே வெளியேறும் எண்ணத்தோடு இன்னொருவருக்குரிய இடத்தையும் உதவித்தொகையையும் பெறுவது நேர்மையாகாது என்றே கருதுகிறேன்.

நீண்ட வழியின் விலை காலம். ஆய்வு நடக்கும் ஆண்டுகளில் நாடு நின்று காத்திருப்பதில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. அந்தத் தாக்கமும் அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியும் சேர, 2021இல் 30 கோடி கிலோ அளவில் இருந்த தேயிலை விளைச்சல் 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. மண்ணையும் இலையையும் சோதித்து அளவறிந்து உரமிடச் சொல்லும் நிறுவனம் ஒன்று அன்று இருந்திருந்தால் தோட்டங்கள் அதன் வாசலில் நின்றிருக்கும். ஆயின் அதே உரத் துறையில், விரைந்து செய்ய முடியாத வேலையும் நடந்திருந்தது. இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர், எலும்பிலுள்ள கல்சியம் பொசுபேற்றுக் கனிமத்தின் நுண்துகள்களில் யூரியாவைப் பிணைத்து, நைதரசன் மெல்ல மெல்ல வெளிப்படும் உரத்தை அமைத்து 2017இல் வெளியிட்டனர். வழக்கமான அளவில் பாதி யூரியாவே போதும் என்பதை நெல்வயற் சோதனையில் காட்டினர். கலாநிதி நிலைப் பயிற்சி இன்றி அப்படியொரு பொருள் பிறந்திராது.

ஆய்வேட்டை வெளியிடும் முன் கவனிக்க வேண்டியது ஆக்கவுரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது 20 ஆண்டுகளுக்குரியது. புதுமை அதன் முதற் தகுதி. மாநாட்டில் படித்துவிட்டு, ஆய்விதழில் அச்சிட்டுவிட்டு, பிறகு விண்ணப்பிப்பவர் பல நாடுகளில் உரிமையை இழப்பார். கண்டுபிடிப்பு மாணவருக்கா பல்கலைக்கழகத்துக்கா என்பதும் பதிவின்போது கையெழுத்திடும் தாள்களிலேயே முடிவாகிவிடுகிறது. முதுமாணி மாணவரைவிடக் கலாநிதி மாணவருக்கே இது பெரிய வினா. உதவித்தொகை கொடுப்பவர் உரிமையும் கேட்பார்.

பெண்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் கடினம். மலையேறிக் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள்; அவர்கள் மகள்களில் அறிவியற் பட்டம் பெறுவோர் பெருகுகிறார்கள். இருபத்தைந்து வயதைக் கடந்தும் படிப்பா என்னும் கேள்வி அண்ணனிடம் எழுவதில்லை, தங்கையிடம் எழுகிறது. நான்காண்டு ஆய்வை ஊர் தாங்காது என்று அஞ்சி ஓராண்டுப் பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் பெண், பலமுறை அந்தத் துறைக்கே மிகத் தேவையானவர். மடுவத்தில் தாய் பட்ட பாட்டை அளவுகோலாகக் கொண்டு ஒரு கருவியின் குறையைக் காணக்கூடியவர் அவரைப்போல் வேறு யார்? குடும்பம் அவருக்கு ஆண்டுகளைக் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

கலாநிதி வழியைத் தேர்ந்தவர்க்கு நடைமுறைச் செய்தி ஒன்று. ஆய்வைப் பேராதனையின் விவசாயப் பட்டப்பின் கல்வி நிறுவகம் போன்ற ஓரிடத்தில் பதிந்து, சோதனைகளைத் தோட்டத் தொழிற்சாலையில் செய்ய எண்ணினால், மேற்பார்வையாளர் இருவர் வேண்டும்: வேதியியலோ பொறியியலோ அறிந்த பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர், தொழிற்சாலையின் நடைமுறை அறிந்த ஆய்வாளர் ஒருவர். பதிவு செய்யும் மாதத்தையும் கொழுந்தின் நாட்காட்டியைப் பார்த்தே குறிக்க வேண்டும். திம்புள்ளையின் தரப்பருவம் சனவரியில் தொடங்குகிறது. கருவிகளை அளவுதிருத்தி, தோட்ட முகாமையின் இசைவைப் பெற்று, மாதிரி எடுக்கும் முறையை ஒத்திகை பார்க்க மூன்று மாதமாவது செல்லும். செப்டெம்பர் முடிவில் பதிந்தவருக்கு முதலாண்டிலேயே அந்தப் பருவம் கிடைக்கும். அதன்பின் வரும் மழைக்காலத்தை ஒப்புநோக்கவும் முடியும். பெப்ரவரியில் பதிந்தவர் அடுத்த சனவரி வரை காத்திருக்க வேண்டிவரும்.